இளமை உடலமைப்பும் மார்பகப் புற்றுநோயும்

உடற்பருமன் பல நோய்களுக்கு வாயிலாகும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரையில், சிறுமிப் பருவத்துச் சதைப்பற்று இதற்கு மாறாக நிற்றலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். வியப்புக்குரிய இம்முடிவை நம் மாணவ மாணவியர் பிழைபட உணராதிருத்தற்பொருட்டு ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

டென்மார்க்கு நாட்டுத் தலைநகரான கோப்பனேகனில் பள்ளிச் சிறாரின் உயரமும் எடையும் ஏட்டிற் பதியப்பெற்று வந்தன. அவ்வேடுகளின் துணைகொண்டு 1,17,415 பெண்களின் பிற்கால உடல்நிலையை ஆராய்ந்து, 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பதினான்காம் வயதில் உயர்ந்திருந்தோர்க்கும் மெலிந்திருந்தோர்க்கும் இந்நோய் சற்று மிகுதியாகக் காணப்பட்டது. அமெரிக்கச் செவிலியரிடையே நிகழ்ந்த ஆராய்ச்சியிலோ, மெலிவு முதல் பருமன் ஈறாக வரிசைப்படுத்திய உருவப்படங்களைக் காட்டி, ஐந்தாம் வயதிலும் பத்தாம் வயதிலும் எவ்வுருவை ஒத்திருந்தனர் என வினவினர். அங்கும் பருத்திருந்தோர்க்கே நோய் குறைவாயிருந்தது.

இதற்குக் காரணம் யாது? பருத்த சிறுமியர் முந்திப் பூப்பெய்துவர். முந்திய பூப்போ இந்நோய்க்கு இடந்தருவது. அங்ஙனமாகவும் நோய் குறைதல் புதிரேயாம். கொழுப்பில் உண்டாகும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புப்பொருள் மார்பகத் திசுவை இளமையிலேயே முதிர்வித்து உறுதிப்படுத்தக்கூடும் என்று சிலர் கருதுவர். அன்றியும், இளமையிற் பருத்திருந்தோர்க்குப் பிற்காலத்தில் மார்பகத் திசுவின் அடர்த்தி குறைந்திருத்தலும் அறியப்பட்டுள்ளது. அடர்ந்த திசு இந்நோய்க்கு ஓர் ஏதுவாம்.

அற்றேல், குழந்தைகளைக் கொழுக்க வளர்த்தல் நன்றோ எனின், அன்று. இளமைப் பருமன் நீரிழிவையும் இதயநோயையும் அழைத்து வரும். மாதவிடாய் நின்றபின் உண்டாகும் பருமனோ இப்புற்றுநோயையே வளர்க்கும். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் 1,866 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று, 2008இல் வெளிவந்த ஆராய்ச்சியும் இடை பருத்த பெண்டிர்க்கு இடர் மிகுதியெனக் காட்டிற்று. மெலிந்த சிறுமியரும் அஞ்ச வேண்டுவதில்லை. பல்லாயிரவரை ஒப்பிட்டுக் கண்ட சிறு வேறுபாடு, ஒருத்தியின் ஊழைக் கூறுவதன்று.

நம் நாட்டில் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனை புகுவோர் பலர். கொல்லிமலையிலுள்ள பெரக்கரை நாடு போன்ற இடங்களில் வாழும் பெண்ணுக்கு, இளமையில் தன் உடல் எவ்வாறிருந்தது என்று ஆராய்வதினும், மார்பில் நோவற்ற கட்டியோ, தோற்சுருக்கமோ, காம்பிற் கசிவோ தோன்றியவுடன் மலையிறங்கி மருத்துவரைக் காண்பதே உயிர் காக்கும் வழியாம். 1929இல் அம்மலையிலேயே உயிர்நீத்த ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் அருட்பணியாளர், மலையூர்களுக்கு மருந்து கொண்டு சென்றவர். மருந்தினும் சுமக்க எளியது நற்செய்தி. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவர் இதனைத் தத்தம் இல்லத்துத் தாய்மாருக்கும் தமக்கைமாருக்கும் கொண்டு செல்வாராக.