கைத்தொலைபேசியும் குழந்தையின் மூளையும்

கைத்தொலைபேசி இன்று பட்டிதொட்டியெங்கும் பரவிவிட்டது. வயலில் நிற்பவரின் மடியிலும், சந்தைக்குச் செல்லும் மாதரின் பையிலும் அது இடம் பெற்றுள்ளது. அழும் குழந்தையை அமர்த்துவதற்கு அதனையே எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் வேரூன்றி வருகிறது. இந்நிலையில், அக்கருவியினின்று வெளிப்படும் அலைகள் இளங்குழந்தையின் மூளைக்கு ஊறு செய்யுமோ என்னும் ஐயம் பெற்றோர் உள்ளத்தில் எழுவது இயல்பே. விஞ்ஞானிகள் இது பற்றி இதுகாறும் கண்டறிந்தவை யாவை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கதிர்வீச்சு என்றவுடன் பலருக்கு அணுகுண்டே நினைவுக்கு வருகிறது. இது பொருந்தாது. எக்ஸ் கதிர்கள் அணுவினின்று மின்னணுவைப் பெயர்த்தெடுக்கும் ஆற்றல் வாய்ந்தவை. அதனால் உயிரணுவின் மரபுப் பொருளையும் சிதைக்க வல்லவை. கைத்தொலைபேசியின் அலைகளோ வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அத்தகைய வலிமை கிடையாது. அவை உடலைச் சிறிதளவு சூடேற்றும் என்பது மட்டுமே ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. இச்சூட்டை வரம்புக்குள் வைப்பதற்காகவே, ஒரு கிராம் திசுவின் சராசரியாகக் கணக்கிடும்போது கிலோகிராமுக்கு 1.6 வாட்டுக்கு மேல் உடல் ஏற்கலாகாது என்னும் விதி 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருந்து வருகிறது. கருவியில் *#07# என்று அழுத்தினால், பெரும்பாலான கருவிகள் தமக்குரிய அளவைக் காட்டும்.

அங்ஙனமாயின் குழந்தைகளைப் பற்றித் தனிக் கவலை ஏன்? குழந்தையின் மண்டையோடு மெல்லியது. மூளைத் திசுவில் நீர்ப்பசை மிகுதி. நரம்பிணைப்புகள் இன்னும் உருவாகிக்கொண்டே இருக்கும் பருவம் அது. அலைகள் குழந்தையின் தலைக்குள் பெரியவர்களைக் காட்டிலும் ஆழமாகச் செல்லும் என்று அமெரிக்காவிலுள்ள யூட்டா பல்கலைக் கழகத்து ஓம் காந்தி என்பாரும் அவருடைய துணைவர்களும் 1996-இல் கணக்கிட்டுக் கூறினர். ஆழமாகச் செல்கிறது என்பது வேறு, தீங்கு செய்கிறது என்பது வேறு. இரண்டாவதனை மெய்ப்பிப்பதே கடினமாக இருந்து வருகிறது.

டென்மார்க்கு நாட்டில் நடந்த ஆராய்ச்சி இக்கடினத்தை நன்கு விளக்கும். அங்கு 13,159 குழந்தைகளின் அன்னையரிடம், குழந்தைக்கு ஏழு வயதானபோது, அதன் நடத்தை பற்றியும், கருவுற்றிருந்த காலத்தில் தாங்கள் கைத்தொலைபேசி பயன்படுத்தியமை பற்றியும் வினவினர். கருவிலும் பின்னரும் அலைகளுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நடத்தைக் கோளாறு காணப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு என்று 2008-இல் அறிக்கை வெளிவந்தது. செய்தி உலகெங்கும் பரவி அன்னையரைக் கலங்கச் செய்தது. ஆனால் கைத்தொலைபேசியை மிகுதியாகப் பயன்படுத்திய தாய்மாரிடையே புகைபிடிக்கும் பழக்கமும் மனவருத்தங்களும் சற்று மிகுதி என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரியவந்தது. காதருகே வைத்துப் பேசும் கருவியின் அலைகள் கருப்பையைச் சென்றடையும் அளவோ மிகச் சொற்பம். எனவே குற்றவாளி அலையா, தாயின் கவனம் வேறுபுறம் சென்றதா, குடும்பத்தின் நிலையா என்று பிரித்தறிய இயலவில்லை. 2017-இல் நார்வே நாட்டில் 45,389 தாய் சேய்களை ஆராய்ந்தபோது, கைத்தொலைபேசி பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் மூன்று வயதில் பேச்சுத் திறனில் சற்று மேம்பட்டே காணப்பட்டனர்! இதைக் கொண்டு அலைகள் பேச்சை வளர்க்கும் என்று எவரேனும் கூறுவரோ? பேசிப் பழகும் தாயிடம் பிள்ளையும் பேசக் கற்கிறது என்றே கொள்ளத்தகும்.

மூளைக் கட்டி பற்றிய அச்சத்தை ஆராய்ந்தோர் மேலும் தெளிவான விடை தந்துள்ளனர். இந்தியா உள்ளிட்ட 14 நாடுகளில், 10 முதல் 24 வயதுக்குட்பட்ட 899 நோயாளிகளை, குடல்வால் நோய்க்காக மருத்துவமனைக்கு வந்த 1,910 இளைஞர்களோடு ஒப்பிட்டனர். கைத்தொலைபேசி கட்டியை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரில் 63 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய 2024-ஆம் ஆண்டு அறிக்கையும் இதனையே கூறுகிறது. 2011-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் இவ்வலைகளைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்னும் பட்டியலில் சேர்த்தது உண்மையே. சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில் உள்ளது என்பதை அறிந்தால் அதன் பொருள் விளங்கும். சான்று போதவில்லை, ஆயினும் கண்காணிக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

எனினும் கதவு முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 700 இளைஞர்களை ஓராண்டு கவனித்ததில், தலையருகே கருவியை வைத்து மிகுதியாகப் பேசியோரிடம் உருவங்களை நினைவிற்கொள்ளும் திறன் சற்றுக் குறைந்திருக்கலாம் என்று 2018-இல் தெரிவித்தனர். இது உறுதிப்படுத்தப்பட வேண்டிய முடிவு.

கிராமத்தார்க்குச் சிறப்பாக உரிய செய்தி ஒன்று உண்டு. ஊரருகே கோபுரம் அமைக்க வருவோரை எதிர்த்து மனுக் கொடுப்பது பல ஊர்களில் நிகழ்கிறது. தொலைவிலுள்ள கோபுரத்தினின்று நம் தலையை அடையும் ஆற்றல், காதோடு ஒட்டிய கருவியினின்று அடைவதில் மிகச் சிறிய பகுதியே. மேலும், கோபுரம் எட்டாத் தொலைவில் இருக்குமாயின் கருவியானது தன் குரலை உயர்த்திக் கூவுவது போல் அலையின் வலிமையைக் கூட்டிக்கொள்கிறது. எனவே சிக்னல் குன்றிய இடத்தில் குழந்தையின் காதில் கருவியை வைத்து நெடுநேரம் பேசவிடுவது நன்றன்று. முற்றத்திற்கு வந்து பேசலாம். ஒலிபெருக்கியையோ இயர்போனையோ பயன்படுத்தலாம். தலையினின்று ஒரு முழம் விலகினாலே அலையின் வலிமை பெரிதும் குறைந்துவிடும். உறங்கும் குழந்தையின் தலையணைக்கடியில் கருவியை வைக்கும் பழக்கத்தையும் விடுதல் நலம். இவற்றுக்குச் செலவேதும் இல்லை.

தொட்டிலருகே படம் காட்டுவதற்காகக் கருவியைக் கொடுக்கும்போது அது காதில் இருப்பதில்லை. அங்கு அலையைக் காட்டிலும் இழக்கப்படும் தூக்கமும், தாத்தா பாட்டியரோடு பேசாத பொழுதுமே பெரிய இழப்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிவுரையின்படி, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை காட்டுதல் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகலாகாது, அதனினும் குறைந்தால் மேலும் நன்று.