நிமிட முள் செய்த கைகள்



பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் சந்தித்த ஒரு சகோதரியைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். 1977 வன்செயலின்பின் வன்னிக்குச் சென்ற மலையகக் குடும்பங்களுள் அவருடைய பெற்றோரின் குடும்பமும் ஒன்று. 2009 இல் யுத்தம் முடிந்தபின், கணவரை இழந்து, இரு பிள்ளைகளோடு உறவினரின் லயத்துக்குத் திரும்பி வந்தார். கணவரின் நினைவாக எஞ்சியது ஒரு கைக்கடிகாரம். அதில் நிமிட முள் இல்லை.

பதுளை நகரில் கடிகாரம் திருத்துபவர், "இதற்குத் தனி முள் கிடைக்காது. எல்லா முள்ளையும் மாற்றலாம்" என்றார். சகோதரி சம்மதிக்கவில்லை. "மணி முள்ளு அவர் பார்த்த முள்ளு, மிஸ். அது இருக்கட்டும்" என்றார். அப்படியானால் நீங்களே ஒன்று செய்து பாருங்கள் என்று, திருத்துபவரே முறையையும் சொல்லிக்கொடுத்தார்.

லயத்து வாசலிலேயே வேலையைத் தொடங்கினோம். 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பித்தளைத் தகட்டில் முதலில் துளையிட வேண்டும். முள்ளை வெட்டியபின் துளைத்தால் தகடு கிழிந்துவிடும். துளையைச் சுற்றி வடிவத்தை வரைந்து, நகைத் தொழிலாளர் பாவிக்கும் மெல்லிய வாளால் அறுத்து, சிறு அரத்தால் ராவி, பலகைத் துண்டில் ஒட்டி எமரிக் கடதாசியால் தேய்க்க வேண்டும். துளை மயிரிழை பெரிதானாலும் முள் வழுகும். பொருத்தும்போது இரு முட்களும் 12 இல் ஒன்றாக நிற்க வேண்டும். ஒன்றோடொன்றோ கண்ணாடியோடோ உரசக்கூடாது. மூன்று முட்கள் பழுதாகின. நான்காவது சரிவந்தது. மணி முள் வெள்ளை, நிமிட முள் மஞ்சள். கடிகாரம் ஓடியது.

"இதைத் தொழிலாச் செய்யலாமா, மிஸ்?" என்று கேட்டார். உடனே 'ஆம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயிற்சியும் சான்றிதழும் கொடுத்துவிட்டு, செய்த பொருளை வாங்க ஆளில்லாமல் பெண்களை நடுவழியில் விட்ட திட்டங்களை நான் கண்டிருக்கிறேன்.

சுவிற்சர்லாந்தின் ஜூரா மலைகளில் 18ஆம் நூற்றாண்டில் விவசாயக் குடும்பங்கள் பனிக்காலத்தில் வீட்டிலிருந்தே கடிகார உதிரிப்பாகங்கள் செய்தன. அவற்றைச் சேகரித்து, முழுக் கடிகாரமாக்கி விற்க வணிகர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டின் ஓசூரிலோ, 1995 இல் மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு, டைட்டன் தொழிற்சாலைக்காகக் கிராமத்துப் பெண்கள் கடிகாரச் சங்கிலிகளைக் கோக்கத் தொடங்கினார்கள். 'மீடோ' என்ற அந்த முயற்சி பின்னர் அப்பெண்களே பங்குதாரரான கம்பனியானது. இரண்டு இடத்திலும் கைத்திறனுக்கு முன்னே வாங்குபவர் நின்றார். ஓசூரில் பெண்கள் கூட்டாகவும் நின்றார்கள்.

இதையே சகோதரியிடம் சொன்னேன். இப்போது அயல் லயத்துப் பெண்கள் மூவர் அவரோடு சேர்ந்திருக்கிறார்கள். பதுளைக் கடைக்காரர் பழைய கடிகாரங்களுக்கு முள் செய்யக் கொடுக்கிறார். வருமானம் சொற்பந்தான்; கொழுந்துச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் ஒரு முள்ளுக்கு என்ன விலை என்பதை நால்வரும் கூடிப் பேசியே தீர்மானிக்கிறார்கள்.

சகோதரிகளே, உங்களை யாராவது சுயதொழில் பயிற்சிக்கு அழைத்தால் மகிழ்ச்சியோடு செல்லுங்கள். ஆனால் முதல் நாளே கேளுங்கள்: நாங்கள் செய்வதை யார் வாங்குவார்? என்ன விலைக்கு? தனியே கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள்.