வாத்தியத்தைக் கீழே வைத்தவர்கள்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிதாரும் டிரம்முமாக ஒரு ‘ராக்’ கோஷ்டி சேர்ப்பதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். நாலு பேர் கூடுவார்கள். ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். பத்து மேடை ஏறுவார்கள். அப்புறம் ஒருவருக்கு வேலை கிடைக்கும், இன்னொருவருக்குக் கல்யாணம் ஆகும், கோஷ்டி கலைந்துவிடும். கலைந்த பிறகுதான் அதன் கதை ருசிக்கும். யார் முதலில் விலகினார்? எதற்காக விலகினார்?

நீலகிரி மலையிலும் அப்படி ஒரு கோஷ்டி இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது, மேடை கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஆனால் மலையில் ஒரு சாவு விழுந்தால் அதன் ஓசை கேட்காமல் காரியம் நடக்காது. அந்தக் கோஷ்டி கலைந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஊட்டிக்கு நீங்கள் போயிருப்பீர்கள். தோடர்களின் பூவேலைப் போர்வையை விலை கேட்டிருப்பீர்கள்; படகர்களின் கிராமங்களைப் பஸ்ஸிலிருந்தே பார்த்திருப்பீர்கள். கோத்தர்களைப் பார்த்ததுண்டா? கோத்தகிரி என்ற ஊருக்குப் பெயர் கொடுத்தவர்களே அவர்கள்தாம். மலையில் அவர்களுக்கு ஏழு ஊர்கள். ஆதியில் ஒரு கறுப்புப் பசு முன்னே நடந்ததாம். அது நின்ற இடங்களில் ஊர் கட்டினார்களாம். ஜனங்கள் எல்லாருமாகச் சேர்ந்தாலும் சில ஆயிரம் பேருக்கு மேல் இல்லை.

ஆனால் கைத்திறமை எத்தனை! ஆண்கள் இரும்படிப்பார்கள், தச்சு வேலை செய்வார்கள், நகை செய்வார்கள். பெண்கள் சட்டிப் பானை வனைவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள்தாம் மலையின் வாத்தியக்காரர்கள்.

‘கொள்’ என்று ஒரு குழல். நம் நாகஸ்வரத்துக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கொப்’ என்பது வளைந்த கொம்பு. ‘தபட்க்’ என்பது தப்பட்டை போன்ற பறை. இவற்றோடு இரண்டு வகை உருளை மேளங்கள். வாசிப்பதற்கு முன்னால் பறையை நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுவார்கள். சாமிக்கு ஒரு மெட்டு, ஆட்டத்துக்கு ஒரு மெட்டு, சாவுக்கு ஒரு மெட்டு. நம் வீட்டுக் கல்யாணத்தில் யாராவது முகாரி வாசிப்பார்களா? அதைப் போல, ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்று வராது.

படகர் வீட்டிலும் தோடர் மந்தையிலும் சாவென்றால் கோத்தர் வந்து வாசிக்க வேண்டும். கருவிகளுக்கும் வாசிப்புக்கும் சேர்த்துப் படகர் தானியம் கொடுப்பார்கள். தோடர் நெய் கொடுப்பார்கள். சாவுச் சடங்கில் பலியான எருமையின் இறைச்சியும் கோத்தருக்கே. வெளியிலிருந்து பார்த்தால் அழகான பண்டமாற்றுத்தான். ஆனால் செத்த எருமையைத் தின்கிறவர்கள், பிறர் சாவுக்கு ஊதுகிறவர்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. தாழ்ந்தவர்கள் என்ற முத்திரையும் விழுந்தது.

1924-ல் கொல்லிமலை என்னும் கோத்தர் ஊரில் விட்டு விட்டு வரும் ஒரு தொற்றுக் காய்ச்சல் புகுந்தது. பூசை செய்தவர்கள், குறி சொன்னவர்கள் என்று பலரை அது கொண்டுபோய்விட்டது. பழைய வழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்ற கேள்வி அதற்குப் பிறகு பலமாக எழுந்தது.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் சுள்ளி. பள்ளிக்கூடம் போய்ப் படித்து வாத்தியார் ஆனவர். கோத்தர் ஆண்கள் நீளமாக முடி வளர்த்து முடிந்துகொள்வது வழக்கம், அவர் கத்தரித்துக்கொண்டார். ஒரு குடுமிதானே என்று நினைக்கிறீர்களா? ஊர்ப் பெரியவர்கள் அப்படி நினைக்கவில்லை. எதிர்ப்பு பலமாக வந்தது. அவரோ, செத்த எருமை மாமிசம் வேண்டாம், பிறர் வீட்டு வாசலில் போய் வாசிக்கும் ஊழியமும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதே சமயம் படகர்களுக்குள்ளும் பிளவு. சீர்திருத்தம் பேசியவர்கள், “கோத்தர் வாத்தியம் எதற்கு?” என்றார்கள். பழமை பேணியவர்கள், “அது இல்லாமல் தாய் தகப்பனை எப்படி வழியனுப்புவது?” என்றார்கள். ஒரு குழல் ஓசைக்காக 1930-களில் சண்டையே மூண்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஒரு பக்கம் அழைப்பது குறைந்தது. மறு பக்கம் போவது குறைந்தது. சில பத்தாண்டுகளில் அந்தப் பழைய உறவு அநேகமாக அற்றே போயிற்று.

சுள்ளியின் பெயர் மட்டும் கடல் கடந்தது. 1930-களில் மலைக்கு வந்த எமனோ என்ற மொழியறிஞருக்கு அவர் சொன்ன கதைகள், கோத்தர் மொழி நூலாக 1944 முதல் 1946 வரை அமெரிக்காவில் வெளியாயின. மாண்டல்பாம் என்ற மானிடவியலாளர் 1960-ல் அவரைத் தம் மக்களின் சீர்திருத்தக்காரர் என்று எழுதினார்.

சரி, கோஷ்டி கலைந்தது. வாத்தியம் என்ன ஆயிற்று? இங்கேதான் கதையின் அழகு இருக்கிறது. பிறர் வாசலில் கீழே வைத்த குழலைத் தங்கள் கோயில் வாசலில் கோத்தர்கள் கைவிடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ரிச்சர்டு உல்ஃப் என்ற இசை ஆராய்ச்சியாளர் அவர்களோடு தங்கியிருந்து கேட்டார். கறுப்புப் பசுவின் காலடியையே தலைப்பாக்கி 2005-ல் புத்தகமும் வெளியிட்டார். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வரும் சாமித் திருவிழாவில் ஆண்கள் வாசிப்பார்கள், ஆடுவார்கள். பெண்கள் குழலைத் தொடுவதில்லை. ஆனால் அவர்கள் ஆடவும் ஒரு நாள் உண்டு. துக்கத்தில் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. நம் பாட்டிமார் ஒப்பாரி கட்டிய மாதிரிதான்.

அடுத்த முறை கோத்தகிரிப் பக்கம் போகும்போது, பனியின் நடுவே எங்கிருந்தாவது ஒரு குழலோசை காதில் விழுந்தால், பஸ் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக் கேளுங்கள். ஆனால் அது உங்களுக்காகவோ எனக்காகவோ வாசிக்கப்படுவதல்ல என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அதற்காகத்தானே அவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள்!