அரியலூர் சிமென்ட் புகையைக் குமிழியா மாத்தினா என்ன ஆகும்? உள்ளே போய்ப் பார்க்கும் 'உளவுத் துகள்'!

பெரம்பலூர் - அரியலூர் ரூட்ல போயிருக்கீங்களா? சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாடி ஊர்ந்திருப்பீங்க. டைனோசர் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அதன் மிச்சம்தான் இந்தக் கல்.

சிக்கலும் கல்லுக்குள்ளேயே இருக்கு. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், அதில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். சூளையைச் சோலார்ல ஓட்டினாலும் இது குறையாது. அதனால்தான் டால்மியா சிமென்ட், தன் அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் வாயுவைப் பிடிக்கும் திட்டத்தை 2019-ல் அறிவித்தது.

சரி, பிடிச்சதை என்ன பண்றது? தூத்துக்குடியில் ஒரு பதில் இருக்கு. டூட்டிகோரின் அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், பாய்லர் புகையிலிருந்து பிரித்த கார்பன் டை ஆக்சைடில் சோடா ஆஷ் தயாரிப்பது 2016-ல் தொடங்கியது. உப்புநீர் நிரம்பிய கோபுரத்தில் கீழிருந்து வாயுவை ஊதுவதுதான் சோடா ஆஷ் தயாரிப்பின் மையம்.

இந்த வகையில் ரொம்ப எளிமையானது குமிழிக் கோபுரம். மீன் தொட்டி ஏர் பம்ப்பைப் பல மாடி உயரத்துக்கு யோசிச்சுக்கோங்க, அவ்வளவுதான். ஆனா உள்ளே நடப்பது எளிமையில்லை. நடுவில் திரவம் குமிழிகளோடு மேலே பாயும், சுவரோரம் கீழே இறங்கும். கோபுரம் அகலமாக அகலமாக இந்தச் சுழற்சியும் வேகமெடுக்கும். ஆய்வகக் குழாயில் அழகாகக் கரைந்த வாயு, பெரிய கோபுரத்தில் நடுவழியே தப்பி ஓடலாம். 5 லட்சம் டன் என்றால் தினம் சுமார் 1,370 டன். பத்தில் ஒரு பங்கு நழுவினாலே 137 டன் மறுபடியும் காற்றுக்கே!

எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று எப்படி அளப்பது? கேமராவுக்கு எட்டாது, குமிழிகள் மறைக்கும். லேசரும் குமிழி குறைவாக இருக்கும்வரைதான். மும்பை வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் ஜே.பி.ஜோஷி குழு அதில் நிறைய வேலை செய்திருக்கிறது. ஊசி முனை சென்சார், தான் நிற்கும் புள்ளியை மட்டுமே சொல்லும். போதாக்குறைக்குக் குமிழியையே விலக்கிவிடும்.

டெல்லி ஐஐடி பயன்படுத்தும் வழி செம! திரவத்தின் அடர்த்தியே கொண்ட குட்டி உருண்டைக்குள் ஸ்காண்டியம்-46 போன்ற கதிரியக்கப் பொருளை வைத்து மிதக்க விடுவது. சுற்றிலும் காமா கதிர் டிடெக்டர்கள். எதில் அதிக எண்ணிக்கை பதிவாகிறதோ, உருண்டை அதன் பக்கத்தில் இருக்கு. மணிக்கணக்கில் பின்தொடர்ந்தால் முழு ஓட்டத்தின் மேப் கிடைத்துவிடும். காமா கதிர் இரும்புச் சுவரையும் தாண்டும் என்பது போனஸ்.

ஆனா, ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் கதிரியக்கத் துகளைச் சும்மா போட்டுவிட முடியாது; அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் இருக்கு. அதனால் பெரும்பாலும் மாதிரிக் கோபுரத்தில் அளந்து, அதை வைத்து கம்ப்யூட்டர் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். பெரிய கோபுரத்தை அந்தக் கணக்கை நம்பித்தான் கட்டணும்.