மனதுருகுதல்

நற்செய்தி நூல்களில் இரக்கத்தைக் குறித்து வரும் கிரேக்க வினைச்சொற்களுள் ஒன்று ‘ஸ்பிளாங்க்னிசோமாய்’ என்பது. குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைச் சுட்டும் பெயர்ச்சொல்லின் அடியாக இது பிறந்தது. ‘பெற்ற வயிறு பதறுகிறது’ என்னும் தமிழ் வழக்கு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. புதிய ஏற்பாட்டில் இவ்வினை 12 இடங்களில் வருகின்றது. அவை யாவும் மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகளிலேயே உள்ளன. தமிழ் வேதாகமம் இதனைப் பல இடங்களில் ‘மனதுருகி’ எனப் பெயர்த்துள்ளது.

நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் கண்டான்; லேவியனும் கண்டான்; இருவரும் அப்பாற் சென்றனர். சமாரியனும் கண்டான், ஆயின், இவ்வினை அவனுக்கு மட்டுமே உரியதாயிற்று. உடனே அவன் காயங்களைக் கட்டினான். சத்திரத்திற் சேர்த்துச் செலவையும் ஏற்றான். இச்சொல் வரும் இடங்களிற் பெரும்பாலும் இவ்வாறே இரக்கத்தைத் தொடர்ந்து செயலும் நிகழ்கின்றது.