சத்தத்தைக் குறைத்துவிட்டு விளையாடும் டேங்க் கேம்

ஹட்டன் நகரத்தில் போன் கவர் விற்கும் கடைகளில், சட்டைப் பைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்று தொங்குகிறது. 400 கேம் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கிறது. அக்கா மகளுக்கென்று சொல்லி ஒன்று வாங்கினேன். நான் தேடியது அந்த 400இல் ஒன்றைத்தான். கீழே நடுவில் கழுகுச் சின்னம், அதைச் சுற்றிச் செங்கல் சுவர், மேலிருந்து இறங்கிவரும் டேங்குகள். முப்பதைத் தாண்டிய பலருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. செய்தியில் சொன்னால் அது 'யுத்த தாங்கி'. எங்களுக்கு 'டேங்க் கேம்'. உண்மைப் பெயர் 'பேட்டில் சிட்டி'.

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985இல் நின்டெண்டோவின் ஃபமிகொம் கருவிக்காக இதை வெளியிட்டது. (அந்தக் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாள் 1983 ஜூலை 15. கறுப்பு ஜூலைக்கு அப்போது ஒரு வாரம்தான் இருந்தது.) நம் ஊர்களுக்கு வந்தவை அசல் கருவிகள் அல்ல, தாய்வானிலும் சீனாவிலும் செய்த நகல்கள். முழு விளையாட்டும் வெறும் 24 கிலோபைட். அதனால் ஒரே கேசட்டுக்குள் பல விளையாட்டுகளை அடைக்க முடிந்தது. '9999 இன் 1' என்று ஒட்டியிருந்த கேசட்டுகளில் உண்மையில் இருந்தது சில விளையாட்டுகள்தான். அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

எங்கள் லயத்திற்கு டிவி கேம் வந்தது 2003இல், பக்கத்துக் காம்பராவில் கிடைத்த தீபாவளி முற்பணத்தில். இரண்டு ரிமோட், பதினைந்து பிள்ளைகள். பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு டேங்க் என்று கேட்டவர்களும் உண்டு. பகலில் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போன நேரத்தில்தான் எனக்கு முறை கிடைக்கும்.

இப்போது விளையாடும்போது குறைகள் பளிச்சென்று தெரிகின்றன. தொடக்கத்தில் சின்னதாக ஒரு இசை. பிறகு எஞ்சின் இரைச்சலும் வெடிச் சத்தமும் மட்டும்தான். ஒவ்வொரு ஸ்டேஜிலும் 20 எதிரி டேங்குகள். அவற்றின் குண்டு ஒன்றையொன்று எதுவும் செய்யாது. நம் குண்டு மட்டும் எல்லாவற்றையும் தாக்கும். சொந்தக் கழுகின் மேல் பட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. கூட்டாளியின் மேல் பட்டால் அவர் சில நொடிகள் அசைய முடியாமல் நிற்பார். அந்தச் சில நொடிகளில் எங்கள் லயத்தில் நடந்த சண்டைகள் ஸ்டேஜ்களை விட நீளமானவை. 35 ஸ்டேஜ்களை முடித்தாலும் வெற்றி என்று ஒன்று வராது, மறுபடி முதல் ஸ்டேஜ் வரைபடத்திலிருந்து தொடங்கும். ஒன்றைச் சிறுவயதில் கவனித்ததே இல்லை: இந்த நகரத்தில் ஒரு மனிதர்கூடக் கிடையாது. செங்கல், இரும்பு, தண்ணீர், காடு, பனித்தரை, அவ்வளவுதான்.

ஆனால் இதே 24 கிலோபைட்டுக்குள் ஒரு பெரிய யோசனையும் இருக்கிறது. தொடக்கத் திரையின் மூன்றாவது தெரிவு 'கன்ஸ்ட்ரக்ஷன்'. அதில் போனால் 13க்கு 13 கட்டங்கள் கொண்ட வெற்று நிலம் கிடைக்கும். சுவர், ஆறு, காடு எல்லாவற்றையும் நாமே வைத்து ஒரு ஸ்டேஜ் செய்யலாம். 1985இல் பிள்ளைகளின் கையில் வரைபடத்தைக் கொடுத்த விளையாட்டுகள் மிகச் சில. ஆனால் கட்டியதைச் சேமிக்க முடியாது, கேசட்டில் எழுதிவைக்க இடமில்லை. கரண்ட் போனால் எல்லாம் போகும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எத்தனை தடவை போகும் என்பது மலையகத்து ஆட்களுக்குத் தெரியும்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் என் மாமாவின் குடும்பமும் ஒன்று. சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்திருந்தபோது அவர்கள் கிளிநொச்சியிலிருந்து வந்து தங்கினார்கள். மாமாவின் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது. நாங்கள் கன்ஸ்ட்ரக்ஷனில் கோயில், கோபுரம் என்று கட்டிக்கொண்டிருக்க, அவன் முதலில் கழுகைச் சுற்றி இரும்புச் சுவர் வைத்தான். எதிரியின் குண்டு இரும்பை உடைக்காது. பிறகு மிச்ச நிலம் முழுக்கக் காடு வைத்தான். காட்டுக்குள் நிற்கும் டேங்க் திரையில் தெரியாது. எதுவும் தெரியவில்லையே, இது என்ன விளையாட்டு என்று நாங்கள் கத்தினோம். அவனுக்கு அது சரியான வரைபடம்.

2006க்குப் பிறகு அவர்கள் வரவில்லை. 2008, 2009இல் அதே டிவியில், நாங்கள் விளையாடும் நேரத்துக்குச் சற்று முன்னால், செய்தியில் உண்மையான டேங்குகள் கிளிநொச்சிக்குள் போயின. அம்மா எழுந்து டிவியை நிறுத்துவார். அவர்கள் உயிரோடிருப்பது மெனிக் பாம் முகாமிலிருந்துதான் தெரியவந்தது.

இப்போது அவன் வவுனியாவில் இருக்கிறான். போன மாதம் இங்கே வந்தபோது கருவியைக் காட்டினேன். கேமைப் பார்த்ததும் சிரித்தான். எஞ்சின் இரைச்சல் தொடங்கியதும், "சத்தத்த நிப்பாட்டிரு புள்ள" என்றான். நிறுத்தினேன். பிறகு இரண்டு மணித்தியாலம் விளையாடினோம், 14ஆவது ஸ்டேஜ் வரை. என்னை ஒருமுறைகூட அவன் சுடவில்லை.

போர் விளையாட்டுகள் நம்மைப் போன்றவர்களுக்குக் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நவீன போர் விளையாட்டுகளில் நாம் பெரும்பாலும் யாரோ ஒருவரின் இராணுவத்தில் சிப்பாய். இதில் பாதி நேரம் சுவர் கட்டுகிறோம், இடிந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மண்வெட்டிச் சின்னம் கிடைத்தால் அது சுவரைத் திரும்ப எழுப்பிச் சில நொடிகள் இரும்பாக்கித் தரும். எதிரி அழிந்ததை விட அந்த மண்வெட்டி கிடைத்ததுதான் எங்களுக்குப் பெரிய சந்தோசம். விளையாடுவதா வேண்டாமா என்பதை அவரவர் காதுதான் தீர்மானிக்க வேண்டும்.

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. டேங்க் ஓட்டுவதில் அவளுக்கு ஆர்வமில்லை, கன்ஸ்ட்ரக்ஷனில்தான் உட்கார்ந்திருக்கிறாள். செங்கல்லில் தன் பெயரின் முதலெழுத்தை எழுதி, அதைச் சுற்றி ஆறு விடுகிறாள். கருவியை நிறுத்தினால் அழிந்துவிடும் என்று சொன்னேன். "அதுக்கென்ன சித்தி" என்று என் போனை வாங்கி, திரையைப் படம் எடுத்துக்கொண்டாள். இதுவரை 11 வரைபடங்கள் என் போனில் இருக்கின்றன.