புதுப்பயனருக்கேற்ற லினக்ஸ் வழங்கல்கள்

புதுப்பயனருக்கேற்ற லினக்ஸ் வழங்கல்கள் எனப்படுபவை, கணினியின் உள்ளமைப்புப் பற்றிய சிறப்பறிவு இல்லாத ஒருவரும் தாமே நிறுவி அன்றாடப் பணிகளுக்குப் பயன்படுத்தக்கூடியவாறு தொகுக்கப்பட்ட கட்டற்ற இயங்குதளங்கள் ஆகும். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், ஃபெடோரா ஆகியன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. லினக்ஸ் வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், புதிதாகக் கணினி வாங்கும் ஒருவர் எதைத் தெரிவு செய்வது என்பதிலேயே தயங்கி நின்றுவிடுவதுண்டு. ஆனால் இவற்றுக்கிடையேயான வேறுபாடு பெயர்ப்பட்டியலின் நீளத்தைப் பார்த்து அஞ்சும் அளவுக்குப் பெரிதன்று. எவ்வளவு காலத்துக்கு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும், கணினியின் வன்பொருட்கள் அதில் முழுமையாக இயங்குமா, திரையில் காணும் பணிச்சூழல் எத்தகையது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் தெரிவு பெரும்பாலும் முடிந்துவிடும். தெரிவு பொருந்தாவிடில் பின்னர் வேறொரு வழங்கலை நிறுவிக்கொள்ளலாம். நிறுவும்போது அழிந்துபோன கோப்புகளை மீட்பதே கடினம்.

வழங்கல் என்பதன் பொருள்

லினக்ஸ் என்பது நுட்ப அடிப்படையில் ஒரு கருனியின் பெயர் மட்டுமே. கருனி, கணினியின் வன்பொருட்களுக்கும் மென்பொருட்களுக்கும் இடையே நின்று நினைவகம், செயலி, வன்தட்டு முதலியவற்றைப் பங்கிட்டுத் தருகின்றது. கருனியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத இயலாது. கருனியுடன் க்னூ திட்டத்தின் அடிப்படைக் கருவிகள், வரைகலைப் பணிச்சூழல், உலாவி, அலுவலக மென்பொருட்கள், நிறுவும் நிரல் ஆகியவற்றைச் சேர்த்து, ஒன்றோடொன்று இசைந்து இயங்குமாறு சோதித்து வெளியிடப்படும் முழுத் தொகுப்பே வழங்கல் எனப்படுகின்றது.

இம்மென்பொருட்களின் மூலநிரல் திறந்திருப்பதால், எவரும் அவற்றைத் தம் விருப்பப்படி தொகுத்துப் புதிய வழங்கல் ஒன்றை வெளியிடலாம். வழங்கல்கள் பெருகியதற்குக் காரணம் இவ்வுரிமையே ஆகும். எனினும் பெரும்பாலான வழங்கல்கள் சில தாய் வழங்கல்களிலிருந்து கிளைத்தவை. எடுத்துக்காட்டாக, உபுண்டு டெபியனிலிருந்தும், லினக்ஸ் மின்ட் உபுண்டுவிலிருந்தும் உருவானவை. எனவே, ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

வரலாறு

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டு, பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியின் முதற் பதிப்பை வெளியிட்டார். சிலாக்வேர், டெபியன் ஆகிய இரண்டும் 1993இல் தோன்றின. இன்றும் தொடரும் வழங்கல்களுள் இவை மூத்தவை.

அக்காலத்தில் லினக்ஸ் நிறுவுதல் என்பது வல்லுநர்களுக்கே உரிய பணியாக இருந்தது. வன்தட்டைக் கையாற் பிரித்தல், திரையின் அளவுகளை உரைக்கோப்பு ஒன்றில் எழுதுதல் போன்றவற்றைப் பயனரே செய்ய வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு கிளாவுஸ் க்னாப்பர் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், நிறுவாமலேயே இறுவட்டிலிருந்து நேரடியாக இயங்கிக் காட்டியது. நிகழ்வட்டு எனப்படும் இம்முறை பரவலானதற்கு க்னாப்பிக்ஸ் பெரிதும் காரணமாயிற்று.

2004 அக்டோபரில் மார்க் சட்டில்வொர்த்தின் கனோனிக்கல் நிறுவனம் உபுண்டுவை வெளியிட்டது. எளிதான நிறுவல், ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு ஆகியவற்றோடு, கேட்பவர்களுக்கு இறுவட்டை அஞ்சல் வழியே இலவசமாக அனுப்பும் திட்டமும் அதன் பரவலுக்கு உதவிற்று. இணைய வேகம் குறைந்த நாடுகளின் மாணவர்களுக்கு இது பெரிதும் பயன்பட்டது. இத்திட்டம் 2011இல் நிறுத்தப்பட்டது. 2006இல் தொடங்கப்பட்ட லினக்ஸ் மின்ட், விண்டோஸ் பயனருக்குப் பழகிய தோற்றத்தைத் தருவதில் கவனம் செலுத்தியது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தகுதிகள் இல்லாத, ஆனால் நன்கு இயங்கும் கணினிகள் பல உள்ளமையால், வழங்கல் தெரிவு பற்றிய வினா மீண்டும் முதன்மை பெற்றுள்ளது.

தெரிவுக்கான அளவுகோல்கள்

ஆதரவுக் காலம்

இயங்குதளத்தில் பாதுகாப்புக் குறைகள் தொடர்ந்து கண்டறியப்பட்டுத் திருத்தப்படுகின்றன. திருத்தங்கள் வருவது நின்றபின் அப்பதிப்பை இணையத்தில் பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் மாதத்தில் வெளியாகி, ஐந்து ஆண்டுகள் இற்றைப்படுத்தல் பெறுகின்றன. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதங்கள் மட்டுமே ஆதரவு உண்டு. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ 13 மாதங்கள் பேணப்படுகின்றது. பெரிய எண்ணுடைய பதிப்பே சிறந்தது என்று எண்ணி இடைக்காலப் பதிப்பை நிறுவிவிடுவது புதுப்பயனர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழையாகும்.

வன்பொருள் ஒத்திசைவு

லினக்ஸ் வழங்கல்களில் பெரும்பாலான வன்பொருள் இயக்கிகள் கருனியுடனேயே வருகின்றன. ஆகவே, கருனி வெளியான பின்னர் சந்தைக்கு வந்த கம்பியில்லா இணைப்புச் சில்லு அல்லது வரைகலை அட்டை, பழைய கருனியில் இயங்காமற் போகலாம். நீண்டகால ஆதரவுப் பதிப்பு பாதுகாப்பான தெரிவு எனினும், மிகப் புதிய கணினிக்கு அது பொருந்தாதிருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இதனைத் தீர்க்க, உபுண்டு அதே பதிப்பின் திருத்திய வெளியீடுகளில் புதிய கருனியைச் சேர்க்கின்றது. உபுண்டு 24.04 முதலில் 6.8 கருனியுடன் வந்தது. 2025 பெப்ரவரியில் வந்த 24.04.2 வெளியீட்டில் 6.11 கருனி இருந்தது. எனவே, தெரிவு செய்த பதிப்பின் அண்மைய திருத்திய வெளியீட்டைப் பதிவிறக்குவது நன்று.

என்விடியா வரைகலை அட்டைகள், சில பிராட்காம் கம்பியில்லாச் சில்லுகள் ஆகியவற்றுக்கு உற்பத்தியாளரின் மூடிய இயக்கிகள் தேவைப்படலாம். உபுண்டுவிலும் மின்டிலும் இவற்றைச் சேர்ப்பதற்கென வரைகலைக் கருவி உண்டு.

பணிச்சூழல்

பயனர் நாள்தோறும் காண்பது கருனியை அன்று, பணிச்சூழலையே. குனோம், கேடீயீ பிளாஸ்மா, சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ ஆகியன முதன்மையான பணிச்சூழல்கள். சின்னமனும் பிளாஸ்மாவும் கீழ்ப்பட்டை, தொடக்கப் பட்டி ஆகியவற்றுடன் விண்டோசை ஒத்திருக்கும். குனோமின் அமைப்பு இவற்றினின்றும் வேறுபட்டது. பழகச் சில நாட்கள் ஆகலாம். எக்ஸ்எஃப்சிஇ குறைந்த நினைவகத்தில் இயங்கவல்லது. ஒரே வழங்கலிற் பல பணிச்சூழல்கள் கிடைப்பதால், பலர் வழங்கல் பற்றிக் கூறும் குறை உண்மையில் பணிச்சூழல் பற்றியதாகவே இருப்பதுண்டு.

உதவி

சிக்கல் நேரும்போது விளக்கம் எளிதிற் கிடைப்பதும் ஓர் அளவுகோலே. அதிகம் பேர் பயன்படுத்தும் வழங்கலில், ஒருவருக்கு நேர்ந்த சிக்கல் பெரும்பாலும் வேறொருவருக்கு முன்பே நேர்ந்து, விடையும் எழுதப்பட்டிருக்கும். அருகில் உள்ள நண்பரோ ஆசிரியரோ ஒரு வழங்கலை நன்கறிந்திருந்தால், புதுப்பயனருக்கு அதுவே பொருத்தமான வழங்கலாகலாம்.

குறிப்பிடத்தக்க வழங்கல்கள்

லினக்ஸ் மின்ட்: விண்டோசிலிருந்து வருபவருக்கு மிகக் குறைந்த மாற்றத்தைத் தருவது. சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்புகள் உள்ளன. 2024இல் வெளியான மின்ட் 22 தொடருக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 கிகாபைட்டு நினைவகம் தேவை. 4 கிகாபைட்டு பரிந்துரைக்கப்படுகின்றது. இதிலுள்ள டைம்சிஃப்ட் கருவி, இயங்குதளம் பழுதுற்றால் அதனை முந்தைய நிலைக்கு மீட்கும். பயனரின் சொந்தக் கோப்புகளை அது இயல்பாகக் காப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

உபுண்டு: ஆவணங்களும் உதவியும் மிகுந்தது. குனோம் பணிச்சூழலை மாற்றங்களுடன் பயன்படுத்துகின்றது. 24.04 பதிப்புக்கு 4 கிகாபைட்டு நினைவகமும் 25 கிகாபைட்டு வன்தட்டு இடமும் பரிந்துரைக்கப்படுகின்றன. குபுண்டு, சுபுண்டு, லுபுண்டு ஆகியன வேறு பணிச்சூழல்களைக் கொண்ட இதன் வடிவங்கள். இவற்றுள் பின்னிரண்டும் வலுக்குறைந்த கணினிகளுக்கு ஏற்றவை.

டெபியன்: நிலைத்தன்மைக்குப் பெயர்பெற்றது, வணிக நிறுவனம் எதற்கும் உரியதன்று. 2023இல் வெளியான 12ஆம் பதிப்பு முதல், கட்டற்றதல்லாத நிலைப்பொருட்களும் நிறுவு வட்டிலேயே சேர்க்கப்படுவதால், முன்பிருந்த கம்பியில்லா இணைப்புச் சிக்கல் பெரிதும் குறைந்துள்ளது. 13ஆம் பதிப்பு 2025 ஆகத்தில் வெளியாயிற்று.

ஃபெடோரா: புதிய கருனியையும் புதிய மென்பொருட்களையும் விரைந்து தருவதால் மிகப் புதிய கணினிகளுக்குப் பொருத்தமானது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பதிப்பை மேம்படுத்த வேண்டியிருக்கும். மூடிய இயக்கிகளையும் சில ஊடகக் குறிவிலக்கிகளையும் தனியே சேர்க்க வேண்டும்.

பாஸ் லினக்ஸ்: இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது, இந்திய மொழி ஆதரவை நோக்கமாகக் கொண்டது. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்ட கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன.

ஆர்ச், ஜென்டூ முதலியன இயங்குதளத்தைப் படிப்படியாகத் தாமே அமைத்துக் கற்க விரும்புவோருக்கானவை. முதல் வழங்கலாக இவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

தமிழ் ஆதரவு

மேற்கூறிய வழங்கல்கள் யாவும் ஒருங்குறித் தமிழைச் சரிவரக் காட்டுகின்றன. ஐபஸ் உள்ளீட்டு முறையுடன் எம்17என் பொதியைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் முதலிய விசைப்பலகைகளைப் பயன்படுத்தலாம். குனோம், கேடீயீ, லிப்ரேஆபிஸ் ஆகியவற்றின் இடைமுகங்கள் தன்னார்வலர்களால் தமிழாக்கப்பட்டுள்ளன. எனினும் தமிழாக்கம் எல்லா இடத்தும் முழுமையாக இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்களை வைத்திருப்போர், அவ்வெழுத்துருக் கோப்புகளையும் உடன் எடுத்துவைத்தல் வேண்டும். அவை இல்லாவிடில் ஆவணம் பொருளற்ற உரோமன் எழுத்துகளாகத் தோன்றும்.

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. காப்புநகல்: தேவையான கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்நகல் திறக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

2. மறையாக்கத் திறவுகோல்: பல மடிக்கணினிகளில் விண்டோஸ் தன் வட்டை பிட்லாக்கர் கொண்டு மறையாக்கி வைத்திருக்கும். துவக்க அமைப்புகளை மாற்றினால் அது மீட்புத் திறவுகோலைக் கேட்கக்கூடும். அத்திறவுகோல் இல்லையெனில் கோப்புகளைத் திறக்க இயலாது. ஆகவே, அதனை முன்னரே குறித்துவைத்தல் இன்றியமையாதது.

3. சரிபார்த்தல்: வட்டுப் படிமத்தை வழங்கலின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து பதிவிறக்கி, அங்கு தரப்பட்டுள்ள சரிபார்ப்புத் தொகையுடன் ஒப்பிட வேண்டும். 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்டின் இணையத்தளம் ஊடுருவப்பட்டு, பதிவிறக்க இணைப்பு தீங்குநிரல் கலந்த படிமத்துக்கு மாற்றப்பட்டது. அத்தளத்திலேயே தரப்படும் தொகையும் மாற்றப்படக்கூடும் என்பதால், வழங்கலின் இலக்கக் கையொப்பத்தையும் சரிபார்ப்பதே முழுமையானது.

4. நிகழ்நிலைச் சோதனை: படிமத்தைப் பென் டிரைவில் எழுதி, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். கம்பியில்லா இணைப்பு, ஒலி, படக்கருவி, தொடுபட்டை, திரையொளி, உறக்கநிலையிலிருந்து மீளல் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். இவை இயங்கினால் நிறுவிய பின்னரும் பெரும்பாலும் இயங்கும். சில கணினிகளில் வன்தட்டே தெரியாமற் போகலாம். பயாசில் சேமிப்பக முறை இன்டெல் ஆர்எஸ்டி என அமைக்கப்பட்டிருப்பது இதற்கு ஒரு காரணமாகும்.

5. வன்தட்டுப் பிரிப்பு: விண்டோசுடன் சேர்த்து நிறுவுவதானால், விண்டோசின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே இடத்தை ஒதுக்கி, அதன் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்திவைத்தல் நன்று. நிறுவும் நிரல், உள்ளதுடன் சேர்த்து நிறுவுவதா, வட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதா எனக் கேட்கும். இரண்டாவதைத் தெரிந்தால் விண்டோசும் அவ்வட்டிலுள்ள கோப்புகள் யாவும் நீங்கிவிடும்.

வரையறைகள்

மைக்ரோசாப்ட் ஆபிஸ், அடோபி போட்டோசாப், ஆட்டோகேட் ஆகியவற்றின் கணினிப் பதிப்புகள் லினக்சுக்கு வெளியிடப்படுவதில்லை. லிப்ரேஆபிஸ், கிம்ப், இங்க்ஸ்கேப் முதலியன பல பணிகளுக்குப் போதுமானவை எனினும், கோப்பு வடிவங்களின் ஒத்திசைவு முழுமையானதன்று. கல்லூரியோ அலுவலகமோ குறிப்பிட்ட ஒரு மென்பொருளைக் கட்டாயமாகக் கேட்குமாயின், விண்டோசை நீக்காமல் இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதே பொருத்தமானது.

சுருக்கம்

* விண்டோசிலிருந்து முதன்முறையாக வருபவர்: லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு.
* ஆவணங்களையும் பரந்த உதவியையும் விரும்புபவர்: உபுண்டு, நீண்டகால ஆதரவுப் பதிப்பு.
* அண்மையில் வெளிவந்த வன்பொருள் உடையவர்: ஃபெடோரா அல்லது உபுண்டுவின் அண்மைய திருத்திய வெளியீடு.
* 2 முதல் 4 கிகாபைட்டு நினைவகமுள்ள பழைய கணினி: லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுண்டு.
* அடிக்கடி மாறாத, நிலையான தளம் வேண்டுபவர்: டெபியன்.